சுரங்க அமிலநீர் ஓடையில் கலந்தபின் உலோகங்கள் எங்கே போகின்றன: படிப்படியான வழிகாட்டி

2015 ஆகஸ்ட் 5 அன்று, அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் சில்வர்ட்டன் என்ற பழைய சுரங்க ஊருக்கு மேலே, கைவிடப்பட்ட கோல்டு கிங் சுரங்கத்தின் வாயிலில் பணி நடந்துகொண்டிருந்தபோது உள்ளே தேங்கியிருந்த நீர் உடைத்துக்கொண்டு வெளியேறியது. ஏறத்தாழ 30 லட்சம் காலன், அதாவது 1.1 கோடி லிட்டருக்கு மேற்பட்ட அமிலநீர் சிமென்ட் கிரீக் என்ற ஓடை வழியே அனிமாஸ் ஆற்றில் இறங்கியது. ஆறு செம்மஞ்சளாக ஓடிய படங்கள் உலகெங்கும் பரவின. ஆற்றில் சேர்ந்த உலோகம் சுமார் 490 டன் என்றும், அதில் பெரும்பகுதி இரும்பும் அலுமினியமும் என்றும் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை பின்னர் கணக்கிட்டது. அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: பனி உருகிப் பெருக்கெடுக்கும் வசந்தகாலத்தில் இதே ஆறு ஓரிரு நாளில் சுமந்துசெல்லும் உலோகத்தின் அளவும் ஏறத்தாழ அவ்வளவுதான். வெளியேறிய நீரின் அளவோ, அந்தச் சுரங்கம் யாரும் படம் எடுக்காத நாட்களில் நான்கு முதல் ஏழு நாட்களுக்குள் கசியவிட்டுவந்த அளவே.

விபத்தன்று நீரில் சில உலோகங்களின் செறிவு வழக்கத்தைவிட மிகுந்திருந்தது உண்மை. அதைக் குறைத்துச் சொல்ல முடியாது. எனினும், ஓடையின் உலோக மாசைப் புரிந்துகொள்ள விரும்புபவர் நிறத்தைப் பின்தொடர்ந்தால் பாதி வழியில் நின்றுவிடுவார். பின்தொடர வேண்டியவை மூன்று: நீரின் பிஎச் மதிப்பு (அமிலத்தன்மையைக் காட்டும் எண்; 7 நடுநிலை, அது குறையக் குறைய அமிலம் மிகும்), ஒரு நாளில் ஓடை சுமக்கும் உலோகத்தின் எடை, அந்த உலோகம் கரைந்திருக்கிறதா துகளாக இருக்கிறதா என்ற நிலை. நீர்த்தர அறிக்கைகளைப் படிக்க வேண்டிய மாணவர்களுக்கும், சுரங்கப் பகுதிகளில் பணிபுரிவோருக்கும், சுரங்கவாயிலிலிருந்து ஆறு வரை இம்மூன்றையும் எப்படித் தொடர்வது என்பதை இக்கட்டுரை வரிசையாகச் சொல்கிறது. சில்வர்ட்டன் பகுதியே நம் முதன்மையான எடுத்துக்காட்டு.

படி 1: அமிலம் பிறக்கும் இடத்தை அறிதல்

பைரைட் எனப்படும் இரும்பு சல்பைடு, மலைக்குள் காற்றுப் படாமல் இருக்கும்வரை அப்படியே கிடக்கும். சுரங்கம் தோண்டும்போது பாறை உடைந்து, ஈரமும் ஆக்சிஜனும் அதைத் தொடுகின்றன. சல்பைடு ஆக்சிஜனேற்றம் அடைந்து கந்தக அமிலம் உருவாக, இரும்பு ஃபெரஸ் அயனியாக (Fe²⁺) நீரில் கரைகிறது. அந்த ஃபெரஸ் அயனி ஃபெரிக் அயனியாக (Fe³⁺) மாறும் கட்டமே மொத்த வினையின் வேகத்தைத் தீர்மானிக்கிறது. அமில நீரில் அது தானாக நிகழ்வது மிக மெதுவாகத்தான். ஆனால் அசிடிதயோபேசில்லஸ் ஃபெரோஆக்சிடன்ஸ் போன்ற பாக்டீரியாக்கள் அதைப் பத்து லட்சம் மடங்கு வரை விரைவுபடுத்துகின்றன. இப்படி உருவாகும் ஃபெரிக் அயனி, ஆக்சிஜனை எதிர்பார்க்காமல் தானே பைரைட்டைத் தாக்கி மேலும் ஃபெரஸ் அயனியையும் அமிலத்தையும் தருகிறது. அந்த ஃபெரஸ் அயனியைப் பாக்டீரியாக்கள் மறுபடியும் ஃபெரிக்காக மாற்றுகின்றன. ஒருமுறை தொடங்கிய சுரங்கம், கடைசித் தொழிலாளி வெளியேறிய பின்பும் பல பத்தாண்டுகள் அமிலம் கசிவதற்குக் காரணம் இந்தச் சுழற்சிதான்.

பைரைட் முதன்மையாகத் தருவது இரும்பும் அமிலமும். மற்ற உலோகங்கள் அதன் அண்டைக் கனிமங்களிலிருந்து வருகின்றன: துத்தநாகமும் அதோடு ஒட்டிய காட்மியமும் ஸ்பேலரைட்டிலிருந்து, செம்பு சால்கோபைரைட்டிலிருந்து, ஈயம் கலீனாவிலிருந்து. அலுமினியமும் மாங்கனீசும் அமிலம் சாதாரணப் பாறைகளையே கரைப்பதால் வருபவை. ஆகவே நிலக்கரிச் சுரங்க நீரில் பெரும்பாலும் இரும்பு, அலுமினியம், மாங்கனீசு ஆகிய மூன்றும், உலோகச் சுரங்க நீரில் அவற்றோடு துத்தநாகம், செம்பு, காட்மியம் ஆகியவையும் எதிர்பார்க்கப்பட வேண்டும். சுற்றுப்பாறை சுண்ணாம்புக்கல்லாக இருந்தால் அமிலம் அங்கேயே நடுநிலையாகிவிடும். அப்படி ஏதுமில்லாத இடத்தில் அது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு எல்லைக்கல் கலிபோர்னியாவின் அயர்ன் மவுன்டன்: அங்கே நிலத்தடியில் எடுத்த நீரின் பிஎச் மைனஸ் 3.6 வரை இறங்கியிருந்தது.

இந்தக் கட்டத்திலேயே கேட்டுவைக்க வேண்டிய ஒரு கேள்வி உண்டு. அமிலம் முழுவதும் சுரங்கத்தால் வந்ததா? சில்வர்ட்டன் மலைகளில் சுரங்கம் தோண்டப்படுவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இயற்கை ஊற்றுகள் அமிலநீரைக் கசியவிட்டு வந்தன. ஓடைக்கரைச் சரளைக் கற்களை இரும்பு ஆக்சைடு இறுக ஒட்டவைத்து உண்டான ஃபெரிக்ரீட் படிவுகள் அதற்குச் சான்று. இந்த இயற்கை அடிநிலையைப் பிரித்துப் பார்க்காமல் தூய்மைப்படுத்தும் இலக்கை நிர்ணயித்தால், எவராலும் எட்ட முடியாத எண் ஒன்று காகிதத்தில் நிற்கும்.

படி 2: நிறங்களைப் படித்தல்

உலோகங்கள் எல்லாம் ஒரே இடத்தில் வீழ்படிவாவதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பிஎச் எல்லை உண்டு. ஃபெரிக் இரும்பு பிஎச் 3-ஐத் தாண்டியதும் செம்மஞ்சள் படிவாக விழத் தொடங்குகிறது. அலுமினியம் பிஎச் 5-ஐ ஒட்டி, நீரில் மோர் கலந்ததுபோன்ற வெண்மையாக வெளிப்படுகிறது. மாங்கனீசு வெகு தூரம் கீழே சென்று, நீர் காரத்தன்மை பெறும் இடங்களில், கற்களின்மேல் கறுப்புப் பூச்சாகத் தங்குகிறது. ஈயம் இரும்புப் படிவின் பரப்பில் எளிதில் ஒட்டிக்கொள்ளும். செம்பு பிஎச் 5 முதல் 6.5 வரை அதே பரப்புக்கு மாறும். துத்தநாகமும் காட்மியமும் மட்டும் நடுநிலையை எட்டிய பின்பும் பெருமளவு கரைந்தே ஓடுகின்றன. அவற்றுக்கு நிறமும் இல்லை.

ஆகவே செம்மஞ்சள் ஓடை என்பது இரும்பு நீரை விட்டு வெளியேறிக்கொண்டிருக்கும் ஓடை. தெளிந்த நீருக்கோ இரண்டு எதிரெதிரான பொருள்கள் உண்டு: ஒன்று, எல்லா உலோகமும் கரைந்தே இருக்கும் கடும் அமிலநீர், இன்னொன்று, இரும்பும் அலுமினியமும் படிந்தபின் துத்தநாகத்தை மட்டும் சுமந்துசெல்லும் நீர். நல்ல நீராகவும் இருக்கலாம்தான், ஆனால் சோதிக்காமல் அப்படிச் சொல்லக் கூடாது. மேகாலயத்தின் ஜெயின்டியா மலையில் ஓடும் லூகா ஆறு குளிர்காலத்தில் அழகான நீலமாக மாறுவதுண்டு. அங்குள்ள கந்தகம் மிகுந்த நிலக்கரியின் எலிவளைச் சுரங்கங்களிலிருந்து, அதாவது ஆள் தவழ்ந்து செல்லுமளவே குறுகிய குழிகளிலிருந்து, வரும் அமிலநீர் அதற்குக் காரணமாகச் சுட்டப்படுகிறது. அவ்வகைச் சுரங்கங்களைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014 ஏப்ரலில் தடைசெய்தது. சுற்றுலாப் படங்களில் அந்த நீலம் கண்ணுக்கு இதமாகத்தான் இருக்கிறது.

படி 3: மாதிரி எடுத்தல்

தவறு நேர்வது பெரும்பாலும் ஆய்வகத்தில் அல்ல, ஓடைக்கரையில்தான். ஒவ்வோர் இடத்திலும் இரண்டு புட்டிகள் தேவை. ஒன்றில் நீரை அப்படியே பிடிக்க வேண்டும்; மற்றொன்றில் 0.45 மைக்ரான் துளையுள்ள வடிதாள் வழியாக, அந்த இடத்திலேயே வடிகட்டிப் பிடிக்க வேண்டும். அதன்பின்தான் இரண்டிலும் தூய நைட்ரிக் அமிலம் சில துளிகள் சேர்த்து பிஎச் 2-க்குக் கீழே கொண்டுவர வேண்டும். இந்த வரிசை மாறி, முதலில் அமிலம் சேர்த்துவிட்டுப் பிறகு வடிகட்டினால், துகள்களில் இருந்த இரும்பும் செம்பும் கரைந்து வடிதாளைக் கடந்துவிடும். கரைநிலை உலோகம் என்ற பெயரில் கிடைக்கும் எண்ணுக்குப் பொருளே இருக்காது. வடிகட்டாமல் புட்டியை அறைக்குக் கொண்டுவந்தால் வழியிலேயே இரும்பு வீழ்படிவாகி, மற்ற உலோகங்களையும் இழுத்துக்கொண்டு அடியில் தங்கிவிடும்.

சரியாக வடிகட்டினாலும் ஒரு குறை எஞ்சும். இரும்பின் கூழ்மத் துகள்களில், அதாவது கரையாமலும் படியாமலும் நீரில் மிதக்கும் நுண்துகள்களில், மிகச் சிறியவை 0.45 மைக்ரான் துளையையும் கடந்துவிடுகின்றன. ஆகவே அறிக்கைகளில் வரும் 'கரைநிலை' என்பது ஒரு நடைமுறை வரையறை மட்டுமே.

பிஎச், மின்கடத்துதிறன், வெப்பநிலை ஆகியவற்றைக் கரையிலேயே அளக்க வேண்டும். மின்கடத்துதிறன் அளவி மலிவானது, உடனே விடை தருவது. சல்பேட் மிகுந்த நீர் எந்தப் பக்கத்திலிருந்து நுழைகிறது என்பதை அதைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தே கண்டுபிடித்துவிடலாம். இவற்றோடு அமிலத்துவத்தையும் தரம்பார்த்தல் (அமிலத்தை நடுநிலையாக்க எவ்வளவு காரம் தேவை என்று பார்க்கும் முறை) மூலம் அளப்பது அவசியம், ஏனெனில் பிஎச் முழுக் கதையையும் சொல்வதில்லை. நீரில் கரைந்துள்ள ஃபெரஸ் இரும்பு பின்னர் ஃபெரிக்காக மாறி நீரோடு வினைபுரியும்போது புதிதாக அமிலத்தை வெளியிடும். சுரங்கவாயிலில் பிஎச் 6 காட்டிய நீர், வழியில் வேறெதுவும் கலக்காமலே சில நூறு மீட்டர் கீழே பிஎச் 4-க்குக் கீழே இறங்கியிருப்பதைப் பார்த்து அளவியைக் குறைசொல்பவர்கள் உண்டு. அளவி சரியாகத்தான் இருக்கும்.

கைவிடப்பட்ட சுரங்கத்துக்குள் நுழைந்து மாதிரி எடுக்கக் கூடாது. உள்ளே ஆக்சிஜன் குறைந்திருக்கும். கூரையும் தேங்கிய நீரும் எப்போது சரியும் என்று சொல்ல முடியாது.

படி 4: செறிவிலிருந்து சுமைக்கு

லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்பது செறிவு. அதை ஓடையின் நீரோட்டத்தால், அதாவது வினாடிக்கு ஓடும் நீரின் அளவால், பெருக்கினால் கிடைப்பது சுமை. வினாடிக்கு 100 லிட்டர் ஓடும் ஓடையில் துத்தநாகம் லிட்டருக்கு 2 மில்லிகிராம் இருந்தால், வினாடிக்கு 0.2 கிராம், ஒரு நாளைக்கு 17 கிலோவுக்கு மேல் துத்தநாகம் கீழே போகிறது. பத்து மடங்கு செறிவுள்ள ஒரு சிறு கசிவு வினாடிக்கு 1 லிட்டர் மட்டும் ஓடினால், அதன் பங்கு நாளைக்கு 1.7 கிலோ. பார்வைக்குப் பயங்கரமான கசிவைவிடச் சாதுவான ஓடை பத்து மடங்கு உலோகத்தைக் கொண்டுவருகிறது. எதை முதலில் சரிசெய்வது என்ற முடிவைச் செறிவை வைத்து எடுத்த திட்டங்கள் பணத்தைத் தவறான வாயிலில் கொட்டியிருக்கின்றன.

நீரோட்டத்தை அளப்பதில்தான் சிக்கல். மலை ஓடைகளில் நீரின் ஒரு பங்கு படுகைச் சரளைக்குள்ளேயே ஓடுவதால், திசைவேக அளவி அதைக் காணாது. அமெரிக்கப் புவியியல் அளவைத் துறையினர் கொலராடோவில் பின்பற்றிய முறை இதற்கு விடை தருகிறது: ஓடையின் மேல்முனையில் லித்தியம் குளோரைடு அல்லது சோடியம் புரோமைடு போன்ற உப்புக் கரைசலைச் சீரான வேகத்தில் தொடர்ந்து செலுத்தி, கீழே ஒவ்வோர் இடத்திலும் அது எவ்வளவு நீர்த்துப்போயிருக்கிறது என்று பார்த்து நீரோட்டத்தைக் கணக்கிடுகிறார்கள். அதே நாளில் ஓடை நெடுகிலும் பல இடங்களில் உலோக மாதிரியும் எடுத்தால், எந்தெந்த நூறு மீட்டரில் சுமை கூடுகிறது என்ற வரைபடம் கிடைத்துவிடும். கண்ணுக்குத் தெரியும் கிளை ஏதும் சேராத இடத்தில் சுமை கூடினால், நிலத்தடி நீர் வழியாக உலோகம் நுழைகிறது என்று பொருள்.

படி 5: சங்கமத்தில் கணக்குப் பார்த்தல்

அமில ஓடையும் நல்ல ஓடையும் கலக்கும் இடமே இந்த வேலையில் மிகச் சுவையான இடம். சில்வர்ட்டனில் அமிலமான சிமென்ட் கிரீக், ஏறத்தாழ நடுநிலையான அனிமாஸில் விழும் இடத்தில் இரண்டு நீர்களும் கொஞ்ச தூரம் பக்கம்பக்கமாக ஓடிப் பிறகே கலக்கின்றன. அந்தத் தூரத்துக்குள்ளேயே இரும்பும் அலுமினியமும் கூழ்மங்களாகப் பிறக்கின்றன.

என்ன நிகழ்ந்தது என்பதை எண்ணிக்கையால் கண்டறியலாம். எடுத்துக்காட்டாக, வினாடிக்கு 30 லிட்டர் ஓடும் அமில ஓடையில் லிட்டருக்கு 20 மில்லிகிராம் இரும்பும் 3 மில்லிகிராம் துத்தநாகமும் இருப்பதாகவும், வினாடிக்கு 270 லிட்டர் ஓடும் நல்ல ஆற்றில் இரும்பு இல்லை, துத்தநாகம் 0.1 மில்லிகிராம் என்றும் கொள்வோம். வெறும் கலப்பு மட்டுமே நிகழ்ந்தால் கீழே இரும்பு 2 மில்லிகிராமும் துத்தநாகம் 0.39 மில்லிகிராமும் இருக்க வேண்டும். அளந்து பார்த்தால் துத்தநாகம் கிட்டத்தட்ட அப்படியே இருக்க, வடிகட்டிய நீரில் இரும்பு 0.3, வடிகட்டாத நீரில் 1.6 என்று கிடைத்தது என்போம். 1.6-க்கும் 0.3-க்கும் இடையிலான 1.3 மில்லிகிராம் கூழ்மமாக ஓடிக்கொண்டிருக்கிறது. 2-இல் குறைந்த 0.4, வினாடிக்கு 300 லிட்டர் நீரோட்டத்துக்கு, நாளொன்றுக்குப் பத்துக் கிலோவுக்கு மேல் இரும்பு படுகையில் படிவதைக் காட்டுகிறது. கணக்கு சரிதானா என்று சோதிக்கச் சல்பேட்டைப் பயன்படுத்த வேண்டும். அது பெரும்பாலும் வீழ்படிவாகாமல் வெறும் கலப்பு விதிப்படியே நடந்துகொள்ளும். சல்பேட்டே பொருந்தவில்லை என்றால் நீரோட்ட அளவீட்டில்தான் பிழை.

ஆர்சனிக் இந்த ஒழுங்குக்கு எதிராக நடக்கும். அது எதிர்மின் அயனியாக இருப்பதால், அமிலநீரில் இரும்புப் படிவோடு இறுக ஒட்டிக்கொண்டு, பிஎச் காரப்பக்கம் ஏறும்போது விடுபடுகிறது. சுண்ணாம்பை அளவுமீறிச் சேர்ப்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

படி 6: எந்த மணி, எந்தப் பருவம்

நடுநிலையான ஓடைகளில் கரைநிலைத் துத்தநாகம் பகலில் குறைந்து, இரவில் ஏறி, விடியலை ஒட்டி உச்சத்தை அடைகிறது. பகலில் பாசிகளின் ஒளிச்சேர்க்கை கார்பன்-டை-ஆக்சைடை உறிஞ்சி பிஎச்சை உயர்த்துவதால், துத்தநாகம் படுகைப் பரப்பில் ஒட்டிக்கொள்கிறது. இரவில் அது திரும்ப நீருக்கு வருகிறது. அலுவலக நேரத்தில் மட்டும் எடுக்கப்பட்ட மாதிரிகள் மாசைக் குறைத்துக் காட்டும் என்பது இதன் விளைவு. குறைந்தது, எல்லா மாதங்களிலும் ஒரே மணியில் எடுப்பது என்ற ஒழுங்காவது வேண்டும்.

பருவத்தில் மிக ஆபத்தான நாள், நீண்ட வறட்சிக்குப் பின் வரும் முதல் மழை. கழிவுப்பாறைக் குவியலில் ஈரம் வற்றும்போது இரும்பு, துத்தநாக சல்பேட் உப்புகள் பூத்து நிற்கும். முதல் மழை அவற்றை ஒரே மணிநேரத்தில் கரைத்து ஓடைக்குள் தள்ளும். மீன்கள் கூட்டமாகச் சாவது பெரும்பாலும் அன்றுதான்.

படி 7: உயிர்களுக்கு என்ன நேர்கிறது

இந்தியக் குடிநீர்த் தரநிலை துத்தநாகத்துக்கு ஏற்கத்தக்க எல்லையாக லிட்டருக்கு 5 மில்லிகிராமை வைத்திருக்கிறது. நடுத்தரக் கடினத்தன்மையுள்ள நீரில் வாழும் உயிர்களைக் காக்க அமெரிக்கா வைத்துள்ள எல்லை சுமார் 0.12 மில்லிகிராம். மனிதர் குடித்தால் ஒன்றும் ஆகாத நீரில் டிரௌட் மீன் செத்துப்போகலாம். குடிநீர் எல்லைக்குள் இருக்கிறது என்ற வரியை வைத்து ஓடை நலமாக இருப்பதாக அறிவிக்கும் அறிக்கைகளை இந்த ஒரு வேறுபாடே கவிழ்த்துவிடும்.

மீன்கள் செவுள் வழியாக நீரிலிருந்து சோடியத்தையும் கால்சியத்தையும் ஈர்க்கின்றன. செம்பு சோடியத்தின் வழியையும், துத்தநாகமும் காட்மியமும் கால்சியத்தின் வழியையும் அடைக்கின்றன. நீரில் கால்சியம் மிகுந்திருந்தால் உலோகம் செவுளில் ஒட்டுவது குறையும்; அதனால்தான் எல்லைகள் நீரின் கடினத்தன்மையோடு சேர்த்துக் கணக்கிடப்படுகின்றன. மென்மையான மலைநீரில் அதே அளவு துத்தநாகம் கூடுதலாகக் கொல்லும். இரும்பும் அலுமினியமும் வேறு வழியில் தாக்குகின்றன: சங்கமத்தில் புதிதாகப் பிறக்கும் படிவு செவுளின்மேலேயே படிந்து மூச்சைத் திணறவைக்கிறது, கற்களின் இடுக்குகளை நிரப்பிப் புழுபூச்சிகளின் உறைவிடத்தை மூடுகிறது.

ஆகவே வேதியியல் அளவீட்டோடு கற்களைப் புரட்டிப் பார்ப்பதும் வேலையின் ஒரு பகுதி. உலோகத்தை முதலில் தாங்க முடியாமல் மறைபவை மேஃப்ளை எனப்படும் பூச்சிகளின் இளம்பருவங்கள். கடிக்காத சிறு கொசுவகைகளின் புழுக்கள் மட்டும் எஞ்சியிருந்தால், அன்றைய மாதிரி எவ்வளவு தூய்மையாக இருந்தாலும், சென்ற மாதங்களில் ஏதோ வந்துபோயிருக்கிறது.

படி 8: படுகையை மறவாதிருத்தல்

நீரை விட்டு விலகிய உலோகம் அழிந்துவிடுவதில்லை. கோல்டு கிங் விபத்தில் ஆற்றுக்கு வந்த உலோகத்தின் பெரும்பகுதி சுரங்கத்துக்குள்ளிருந்து வரவில்லை. சீறி வந்த நீர், வாயிலுக்கு வெளியே குவிந்திருந்த கழிவுப்பாறையையும் ஓடையில் முன்பே படிந்திருந்ததையும் அரித்துக் கொண்டுவந்தது. வெள்ளம் வரும்போதெல்லாம் சிறிய அளவில் இதுவே நிகழ்கிறது.

அணைகளுக்குப் பின்னால் நிலைமை இன்னும் சிக்கலானது. மொன்டானா மாநிலத்தில் பியூட் சுரங்கப் பகுதிக்கு ஏறத்தாழ 190 கிலோமீட்டர் கீழே இருந்த மில்டவுன் அணையில், 1908 பெருவெள்ளம் கொண்டுவந்த சுரங்கக் கழிவு தேங்கியது. அந்தச் சேற்றில் ஆக்சிஜன் தீர்ந்ததும் ஃபெரிக் இரும்பு மறுபடி ஃபெரஸாக மாறிக் கரைய, அதோடு ஒட்டியிருந்த ஆர்சனிக் விடுபட்டு நிலத்தடி நீரில் இறங்கியது. 1981-இல் அது கிணறுகளில் கண்டுபிடிக்கப்பட்டது. 2008-இல் அணை உடைக்கப்பட்டது. சேறு மாதிரி எடுக்கும்போது மேற்பரப்போடு நிற்காமல், ஆழத்திலுள்ள கறுத்த அடுக்கையும் தனியே எடுப்பது இதற்காகத்தான்.

படி 9: தீர்வைத் தேர்ந்தெடுத்தல்

சுரங்கவாயிலைக் கான்கிரீட் தடுப்பால் அடைத்தால், உள்ளே நீர் உயர்ந்து பைரைட்டை மூடி ஆக்சிஜனை விலக்கும். சில்வர்ட்டனில் சன்னிசைட் சுரங்கத்தின் நீர் வெளியேறிய அமெரிக்கன் டன்னல் என்ற சுரங்கவழி 1996-இல் அடைக்கப்பட்டது. பின்வந்த ஆண்டுகளில் அருகிலிருந்த கோல்டு கிங்கில் கசிவு கூடியது. மலை முழுவதும் பிளவுகளும் பழைய சுரங்கங்களும் ஒன்றோடொன்று தொடர்புகொண்டிருந்தால் அடைப்பது நீரை இடம்மாற்றுவதாகவே முடியலாம்.

சுண்ணாம்புச் சுத்திகரிப்பு நிலையம் நம்பகமானது. பிஎச் 9-ஐத் தாண்டி உயர்த்தினால் துத்தநாகமும் மாங்கனீசும்கூட விழும். ஆனால் சேறு நாள்தோறும் சேரும், சுரங்கம் கசியும்வரை செலவும் நிற்காது. 2015 அக்டோபரில் சில்வர்ட்டனுக்கு அருகே கிளாட்ஸ்டனில் தொடங்கிய நிலையம் கோல்டு கிங் நீரை இவ்வகையில்தான் சுத்திகரிக்கிறது.

ஓடையில் சுண்ணாம்புக்கல்லைக் கொட்டிவைப்பது மலிவு. ஆக்சிஜனும் ஃபெரிக் இரும்பும் உள்ள நீரில் கற்கள்மேல் இரும்பு உறை படிந்து, உள்ளே சுண்ணாம்பு இருந்தும் வேலை செய்யாமல் போகும். ஆக்சிஜன் நுழையாதபடி மண்ணுக்குள் புதைத்த சுண்ணாம்புக்கல் வடிகால் இதைத் தவிர்க்கிறது, ஆனால் நீரில் அலுமினியம் மிகுந்திருந்தால் அதுவும் அடைபடும். உரம், மரத்தூள் போன்றவை நிரப்பிய தொட்டிகளில் சல்பேட்டைக் குறைக்கும் பாக்டீரியாக்களை வளர்த்தால், துத்தநாகமும் காட்மியமும் சல்பைடாக மாறி உள்ளேயே தங்குகின்றன. கசிவு சிறியதாகவும், குளிர் கடுமையின்றியும் இருக்கும் இடங்களுக்கு இது பொருந்தும். எந்த வழியைத் தேர்ந்தாலும், அதற்கு முன்பே படி 4-இல் சொன்ன சுமை வரைபடத்தை ஒருமுறை வறட்சியிலும் ஒருமுறை பெருக்கிலும் எடுத்துவைத்துவிட வேண்டும்; சுத்திகரிப்பு தொடங்கியபின் அதே இடங்களில், அதே மணியில், அதே நீரோட்டத்தில் மறுபடி அளந்தால்தான் சுமை குறைந்ததா என்று சொல்ல முடியும்.